கப்பலடி

மட்டக்களப்பு முகத்துவாரத்தில் போட்டைத் தள்ளி முக்கால் மணித்தியாலம் ஓடினால், வெளிச்சவீடு நின்ற இடத்தில் ஒரு தீக்குச்சி நிற்கும். அப்போது மாமா எஞ்சினைக் குறைப்பார். கரையைத் திரும்பிப் பார்ப்பார். கையிலிருக்கிற ஜி.பி.எஸ்.ஐயும் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அவருக்குத் திருப்தி. "கப்பலடி வந்திட்டுது மனே, கல்லைப் போடு" என்பார்.

நான் முதல் தடவை போனது 2010 ஏப்ரலில், பள்ளிக்கூட லீவுக்கு. சண்டை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கச்சான் காத்து தொடங்க இன்னும் நாள் இருந்தது, கடல் எண்ணெய் பூசினதுபோலக் கிடந்தது. கீழே என்ன கப்பல் என்று கேட்டேன். "வெள்ளைக்காரன்ட" என்றார். எப்போது தாண்டது என்று கேட்டதற்கு, "அம்மம்மாவிட்டக் கேள்" என்று சொல்லிவிட்டு இரை குத்தத் தொடங்கினார். அவருக்கு அது மீன் தங்கும் ஒரு கடலடிப் பார், அவ்வளவுதான். கல்லில் மீன் தங்குவதுபோல இரும்பிலும் தங்குகிறது. கலவாய் மீனும் பாரை மீனும் கிடக்கிற இடத்தின் வரலாறு தூண்டில்காரனுக்கு எதற்கு?

அன்றைக்கு நாலு தூண்டிலும் இரண்டு ஈயமும் எனக்குப் போயின. மீன் இழுத்தால் இழை துடிக்கும். இது துடிக்கவில்லை. பிடித்தபடியே இருந்தது. அலையில் போட் எழும்பும்போது இழை விரலை அறுத்தது, இறங்கும்போது தளர்ந்தது. கடைசியில் மாமா கத்தியால் வெட்டிவிட்டார். 53 மீற்றருக்குக் கீழே என்னைப் பிடித்து வைத்திருந்தது எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்பதும், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அதுதான் என்பதும் எனக்குத் தெரியவரப் பல வருஷம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் கேட்டேன். "கப்பல் தாண்டதாமே?" அவ முதலில் கேட்டது: "எந்தச் சண்டையில?" ஜப்பான்காரன்ட சண்டை என்றதும்தான் முகம் தெளிந்தது. அப்போது அவவுக்கு ஏழு வயது. முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தார்களாம். வெயிலுக்குள் இடி இடித்ததாம். ஒன்றல்ல, விடாமல். மண்சுவரில் கொளுவியிருந்த சுளகு ஆடியதாம். அவவின் தகப்பன் வானத்தைப் பார்த்துவிட்டு, மழை வராது, நெல்லை அள்ளாதே என்றாராம். பின்னேரம், நனைந்த கால்சட்டையோடு ஒரு வெள்ளைக்காரன் மணலில் நடந்து வந்தான் என்று யாரோ சொன்னார்களாம். அவ காணவில்லை.

அந்த நாள் 1942 ஏப்ரல் 9.

போர்க்கப்பல் பற்றி வாசிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வியாதியோடுதான் தொடங்குகிறோம். எத்தனை அங்குலப் பீரங்கி, எத்தனை தொன், கவசத்தின் தடிப்பு என்ன, வேகம் என்ன. கிரிக்கெட் ஆட்டக்காரரின் சராசரி பார்ப்பது மாதிரி இதுவும் ஒரு கணக்குப் பைத்தியம். நானும் ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஹெர்மிஸின் கதையைப் பின்தொடர்ந்து போகப் போக, அந்த எண்கள் எதுவும் எதையும் தீர்மானிக்கவில்லை என்று படத் தொடங்கியது. கண்டவன் சொன்னானா, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

முதல் உலகப் போரிலேயே இது தொடங்கிவிட்டது. 1916 மே 31, ஜட்லண்ட். டென்மார்க்குக்கு அப்பால் வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதின. இரண்டு பக்கமும் சேர்ந்து 250 கப்பல்கள். அந்தக் கூட்டத்தில் எங்காடீன் என்று ஒரு சின்னக் கப்பலும் இருந்தது. முன்பு ஆங்கிலக் கால்வாயில் பயணிகளை ஏற்றி இறக்கியது, இப்போது கடல் விமானங்களைச் சுமந்துகொண்டு வந்திருந்தது. அதிலிருந்து பிரெடெரிக் ரட்லண்ட் என்ற விமானி எழும்பினார். முகில் தாழ்ந்திருந்ததால் தண்ணீருக்குக் கிட்டவாகவே பறந்து ஜெர்மன் கப்பல்களைக் கண்டார். கூடப் போனவர் வானொலியில் சேதி அனுப்பினார். பெற்றோல் குழாய் ஒன்று வெடிக்க, கடலில் இறங்கி, ஒரு ரப்பர் குழாயை வைத்து ஒட்டுப்போட்டுவிட்டு மறுபடியும் பறக்கத் தயாரானார் என்பது அந்த மனிதரின் குணத்துக்குச் சாட்சி.

சேதி எங்காடீனுக்கு வந்து சேர்ந்தது. எங்காடீன் அதைப் பிரிட்டிஷ் தளபதி பீற்றியின் கப்பலுக்கு வெளிச்ச சமிக்ஞையில் சொல்லப் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. கடற்போர் ஒன்றில் ஆகாயத்திலிருந்து எதிரியைக் கண்டு சொன்ன முதல் விமானத்தின் சேதி, தேவைப்பட்டவர்களைப் போய்ச் சேராமலே செத்தது. அன்று பின்னேரம் இன்டிபாட்டிகபிள், குயின் மேரி என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்துச் சிதறி 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதி போயிருந்தால் அது நடந்திராது என்று சொல்ல மாட்டேன். அதற்குக் காரணங்கள் வேறு.

ஆனால் விமானத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ஹெர்மிஸைக் கட்ட 1917இல் உத்தரவு வந்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் வேலை தொடங்கியது, 1919இல் தண்ணீரில் இறங்கியது. அதற்குள் போரே முடிந்துவிட்டதால் அவசரம் போய்விட்டது. வரைபடத்தைத் திருத்தித் திருத்தி, 1924இல்தான் சேவைக்கு வந்தது. எங்கள் கல்லடிப் பழைய பாலத்துக்கும் அதே வயது. பாலம் இன்னும் நிற்கிறது.

அந்தக் கப்பலின் வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 180 மீற்றருக்கும் கூடிய நீளமான கப்பலின் மேலே விமானம் ஓட ஒரு தட்டையான தளம். பக்கவாட்டிலோ ஐந்தரை அங்குலப் பீரங்கிகள் ஆறு. எதிரி நாசகாரிக் கப்பல் கிட்ட வந்தால் சுட்டு விரட்டுவதற்காம். வானத்தைப் பார்த்துச் சுட நான்கு அங்குலப் பீரங்கிகள் மூன்றே மூன்று. விமானத்துக்காகவே கட்டின கப்பலை வரைந்தவர்களுக்கே விமானத்தில் முழு நம்பிக்கை இல்லை. தன்னைக் கொல்ல இன்னொரு கப்பல்தான் வரும் என்று அது எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் தொடங்கியது ஹெர்மிஸ் என்றாலும் முதலில் முடிந்தது ஜப்பானின் ஹோஷோ, 1922 டிசம்பரில். இந்த இடத்தில் கதை கொஞ்சம் கசக்கும். 1921இல் பிரிட்டனிலிருந்து செம்பில் பிரபு தலைமையில் ஒரு குழு ஜப்பானுக்குப் போய், கசுமிகௌரா தளத்தில் ஜப்பானியக் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. ஹோஷோவின் தளத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கிக் காட்டியது வில்லியம் ஜோர்டன் என்ற பிரிட்டிஷ் விமானி. 1923இல், ஜட்லண்டில் ரப்பர் குழாயால் ஒட்டுப்போட்ட ரட்லண்டும் வேலையை விட்டுவிட்டு ஜப்பானுக்குப் போனார். கப்பல் தளத்தில் விமானம் இறங்கும் நுட்பத்தில் மிட்சுபிஷிக்கு உதவினார். பிறகு ஜப்பானியக் கடற்படையிடம் காசு வாங்கி உளவும் பார்த்தார். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹாபரை ஜப்பான் தாக்கிய பிறகு, 1941 டிசம்பரில் அவரைப் பிடித்து உள்ளே போட்டது பிரிட்டன். கற்றுக்கொடுத்த பாடம் கிழக்கே கிளம்பி நாலு மாதத்தில் எங்கள் கரைக்கு வந்துவிட்டது.

வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 10ஆம் தேதி பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களையும் மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களே தாழ்த்தின. 840 பேர் இறந்தார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மிஞ்சியது கொழும்பும் திருகோணமலையும். அங்கே அட்மிரல் சோமர்வில் பொறுப்பேற்ற கப்பல் கூட்டத்தில் ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன. ஐந்தும் முதல் உலகப் போர்க் காலத்தவை. வோர்ஸ்பைட்டும் ரிவெஞ்சும் ஜட்லண்டில் சண்டை பிடித்தவை. மூன்று விமானந்தாங்கிகளில் ஒன்று ஹெர்மிஸ். எதிரே ஜப்பானிய அட்மிரல் நகுமோ கொண்டுவந்தது ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, சூயிகாகு. பேர்ள் ஹாபருக்குப் போனவையே இவை. அன்று கூடப் போயிருந்த காகா மட்டும் பழுதுபார்க்கத் திரும்பியிருந்தது.

சோமர்வில் தன் பலவீனத்தைத் தெரிந்து வைத்திருந்தவர். மாலைதீவின் தெற்கு முனையில் அட்டு என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஜப்பானியருக்குத் தெரியாத ஒரு இரகசியத் துறை வைத்திருந்தார். ஏப்ரல் முதலாம் தேதி தாக்குவார்கள் என்று எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே சுற்றினார். யாரும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் எடுக்க அட்டுவுக்குத் திரும்பினார். போய்ச் சேர்ந்த ஏப்ரல் 4ஆம் தேதியே எதிரி வந்தான்.

கண்டவர் லென்னார்ட் பெர்ச்சல் என்ற கனடா நாட்டு விமானி. காலிப் பக்கம் கொக்கலை வாவியிலிருந்து கட்டலீனா என்ற பறக்கும் படகை எடுத்துக்கொண்டு விடியத்துக்கு முன்னமே போனவர். நாள் முழுக்கப் பறந்து, திரும்புகிற நேரம். தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிகின்றன. கிட்டப் போய் எண்ணுகிறார். எண்ணுகிற தூரத்துக்குப் போனால் திரும்ப முடியாது. ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் வந்துவிட்டன. வானொலிக்காரர் விதிப்படி சேதியை மூன்று தரம் அனுப்ப வேண்டும். மூன்றாவது தரம் போய்க்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டு வானொலி நொறுங்கியது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள். பெர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார்.

சேதி போய்ச் சேர்ந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடிரவாக வெளியேறின. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானி ஃபுச்சிடா தலைமையில் வந்த விமானங்களுக்கு இன்னொரு பேர்ள் ஹாபர் கிடைக்கவில்லை. ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு கப்பல்களைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். ஆனால் முதல்நாள் கிடைத்ததுபோல ஒரு எச்சரிக்கை அன்று காலை கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமானத் தளத்துக்குக் கிடைக்கவில்லை. தலைக்கு மேல் எதிரி வந்த பிறகுதான் ஹரிகேன் விமானங்கள் ஓடுபாதையில் ஓடின. அதே நாளில், சோமர்வில்லோடு சேரத் தெற்கே ஓடிக்கொண்டிருந்த டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டையும் கண்டு தாழ்த்தினார்கள். 424 பேர் போனார்கள். 1,122 பேர் ஒரு நாளுக்கு மேல் கடலில் மிதந்து பிழைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன் ஜெர்மனியின் பிஸ்மார்க்குக்குக் கடைசி டொர்பிடோக்களை விட்ட கப்பல் டோர்செட்ஷயர்.

இனி எங்கள் பக்கம்.

ஏப்ரல் 8ஆம் தேதி இன்னொரு கட்டலீனா நகுமோவைத் திருகோணமலைக்குக் கிழக்கே கண்டது. துறைமுகத்தில் நின்றால் சாவு என்பது அதற்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அன்றிரவு ஹெர்மிஸும் ஆஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் இன்னும் சில கப்பல்களும் வெளிக்கிட்டுக் கரையோரமாகத் தெற்கே ஓடின. ஹெர்மிஸின் விமானங்கள் கரையில், திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்தில் நின்றன. மடகஸ்கார் படையெடுப்புக்கு ஆயத்தப்படுத்துவதற்காக வந்த கப்பல், விமானம் ஒன்றும் இல்லாமல் விமானங்களுக்குத் தப்பி ஓடியது. ஏர்க்கால் இல்லாத வண்டிலை மாடு பூட்டி ஓட்டினதுபோல.

விடிந்ததும் ஜப்பானியர் திருகோணமலையை அடித்தார்கள். கப்பல்கள் போய்விட்ட துறைமுகம், ஓடுபாதை, எண்ணெய்க் குதங்கள். ஒன்பது மணியளவில் ஹருனா என்ற போர்க்கப்பலின் கடல் விமானம் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸைக் கண்டது. சொன்னது. அந்தச் சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கண்டுவிட்டார்கள் என்று அறிந்த கப்டன் ஒன்ஸ்லோ, காவல் விமானங்களின் எல்லைக்குள் போய்விடலாம் என்று வடக்கே கிறுகினார். திருகோணமலைக்கு இன்னும் 65 மைல் இருந்தது. குண்டு விழுந்த சீனக்குடாவுக்கும் ரத்மலானைக்கும் கப்பலுக்கும் இடையில் செய்தித் தொடர்பு குழம்பிக் கிடந்தது. விமானம் அனுப்புங்கள் என்ற கோரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு வந்தார்கள். 85 குண்டுவீச்சு விமானங்கள், காவலுக்கு ஒன்பது ஜீரோக்கள். வெயிலை முதுகுக்கு வைத்துச் செங்குத்தாக இறங்கினார்கள். இருபது நிமிடத்தில் ஹெர்மிஸ் இல்லை. கப்டனோடு சேர்த்து 307 பேர். வம்பயர் இரண்டாய் முறிந்தது. சற்றுத் தள்ளி ஹொலிஹொக் என்ற சின்னக் காவல் கப்பலும் அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் போயின. அம்மம்மா கேட்ட இடி இதுதான். ரத்மலானையிலிருந்து பிரிட்டிஷ் ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தன, ஆனால் ஹெர்மிஸ் தாண்ட பிறகு. வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் அதைத் தொடவில்லை. அது பொறுக்கியெடுத்தது ஏறத்தாழ அறுநூறு பேரை. சிலர் நீந்தியே கரைக்கு வந்தார்கள் என்று வாசித்தபோதுதான் நனைந்த கால்சட்டைக்காரனை நான் நம்பினேன்.

இதைவிட எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பிடித்த என்று சொல்லலாமோ தெரியாது. அதே முற்பகலில், ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் காவல் எதுவுமில்லாமல் நகுமோவைத் தேடிப் போய்க் கண்டுபிடித்துவிட்டன. ஹிர்யூவின் காவலர்கள் அவற்றைக் கண்டார்கள். மற்றக் கப்பல்களுக்குச் சொல்லவில்லை. அகாகியின் பக்கத்தில் தண்ணீர் தூண்களாய் எழும்பிய பிறகுதான் தலைக்கு மேல் எதிரி நிற்பது அகாகிக்கே தெரிந்தது. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. வெற்றி மயக்கத்தில் அந்த ஓட்டையை அடைக்க அவர்கள் மினக்கெடவில்லை. இரண்டு மாதம் கழித்து மிட்வே கடற்போரில், அமெரிக்கக் கப்பல்களைத் தேடப் போன தோனே கப்பலின் விமானம் அரை மணித்தியாலம் பிந்தி எழும்பியது. அந்த அமெரிக்கக் கப்பல்களுக்குள் விமானந்தாங்கி இருக்கிறது என்ற சேதியும் பிந்தி வந்தது. அகாகி, சோர்யூ, ஹிர்யூ, காகா நான்கும் அங்கே முடிந்தன.

அந்த ஏப்ரலில் சேராத சேதி ஒரு பக்கம், இல்லாத சேதி மறுபக்கம். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஏப்ரல் 6ஆம் தேதி விழுந்த குண்டுகள் உண்மை. ஆனால் ஜப்பான் கப்பல்கள் சென்னைக்கே வருகின்றன என்று கிளம்பிய பேச்சில் நகரமே காலியானது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். சென்னைக்கு யாரும் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. காட்டுக்குள் 99 உருளைகள். 2022 ஒப்பந்தத்தில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 இலங்கைக்கு, 61 கூட்டாக என்று பங்கு பிரித்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு கோயில் அளவு. கறள் பிடித்த தகட்டில் கை வைத்தேன். வெயிலில் நின்றதால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. ஆணி அறைந்த வரிசை மட்டும் ஒழுங்கு குலையாமல் இருந்தது. அன்றைக்கு ஒரு ஜப்பானிய விமானம் மோதிய குதம் மட்டும் வேறு மாதிரி. தகடு மெழுகாய் உருகி மடிந்து, அப்பளம் பொரிந்தது போலச் சுருண்டு கிடக்கிறது. ஏழு நாள் எரிந்ததாம். வேண்டுமென்றே மோதினார்களா, தப்ப வழியில்லாமல் மோதினார்களா என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

ஹெர்மிஸ் என்ற பெயர் அதற்குப் பிறகும் சாகவில்லை. உண்மையில் அதற்கு முன்னமே ஒரு தடவை செத்திருந்தது. 1914 அக்டோபரில் டோவர் நீரிணையில் ஜெர்மன் நீர்மூழ்கி தாழ்த்திய, கடல் விமானம் சுமந்த பழைய கப்பலின் பெயரும் அதுவே. எங்கள் ஹெர்மிஸுக்குப் பிறகு அடுத்த ஹெர்மிஸ் 1982இல் ஃபோக்லண்ட் போரில் தலைமைக் கப்பலாகப் போய், பிறகு இந்தியாவுக்கு விற்கப்பட்டு 1987இல் ஐ.என்.எஸ். விராட் ஆனது. முப்பது வருஷம் ஓடி, 2020இல் குஜராத்தின் அலங் கரைக்குப் போய்த் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. மூன்றில் இரண்டு கடலுக்குள், ஒன்று பழைய இரும்புக் கடையில். ஹெர்மிஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் தூதனுடைய பெயர். சேதி கொண்டுபோகிறவன். இதை நான் தேடிக் கண்டுபிடித்தது கட்டுரையின் பாதியில். நம்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து கல்லடியில் தங்கி முக்குளிக்கிறார்கள். சாதாரணப் பயிற்சியோடு இறங்கக்கூடிய ஆழம் 40 மீற்றர்தான், இது அதைத் தாண்டியது. கப்பல் இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. நான் இறங்கவில்லை, இறங்கப்போவதும் இல்லை. எனக்குத் தூண்டில் இழை சொன்னது போதும்.

போன ஏப்ரலில் மாமாவோடு மறுபடி போனேன். எழுபதை நெருங்கிவிட்டார். ஆனாலும் கல்லைத் தானேதான் போடுவார். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. எனக்கு ஈயம் ஒன்று போயிற்று. அவருக்கு இரண்டு கலவாய், ஒரு பாரைக்குட்டி. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பொலித்தீன் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். அங்கே சிக்னல் இரண்டு கோடு காட்டும். மாமிதான் எடுத்தா.

"ரெண்டு கலவாய் கிடக்கு. தேங்காயைத் துருவி வை. ஓம், கப்பலடியிலதான். ஓம் ஓம், கேக்குது, நீ சொல்லு."